தேனி ரயில்: மூன்று வருஷம் கழித்தும் எங்களுக்கு ஐந்து மணி பஸ்தான்

சென்னையில் இருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். ஓய்வு பெற்ற அப்பா அம்மாவைத் தேனிப் பக்கம் குடிவைக்கலாமா என்று யோசிக்கிறாராம். “வெயில் குறைச்சல், தண்ணி நல்லா இருக்கு, இப்ப ரயிலும் வந்துருச்சே” என்றார். மற்றதற்கெல்லாம் ஆமாம் போட்டேன். ரயிலைப் பற்றி மட்டும் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நேற்று அம்மாவை மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்த் திரும்பியிருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ரயில் வந்த கதை ஊரறிந்தது. 1928ல் போட்ட மதுரை – போடி மீட்டர்கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். தேனிக்கு அகலப்பாதையில் ரயில் ஓட ஆரம்பித்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். பதினோரு வருஷம் மாவட்டத் தலைநகரத்துக்கு ரயிலே இல்லை. அந்த இடைவெளியில் பிறந்த எங்கள் தெருப் பிள்ளைகள், ஆறாம் வகுப்புக்குப் போகும்வரை சொந்த ஊரில் ரயிலைப் பார்த்ததில்லை. ரயில் வந்த முதல் வாரம் நானும் அம்மாவும் ஒரு வேலையும் இல்லாமல் சாயங்கால வண்டியில் ஏறி ஆண்டிபட்டி வரை போனோம். திரும்பி வர பஸ் ஏறினோம். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது இந்த ரயில் அருமையான ரயில். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆகும் மதுரைக்கு ஒன்றேகால் மணி நேரம். குலுக்கல் கிடையாது, கால் நீட்டி உட்காரலாம். ஆண்டிபட்டி கணவாயில் பாறையைக் குடைந்த பள்ளத்துக்குள் வண்டி நுழையும்போது இரண்டு பக்கமும் கல் சுவர் ஜன்னலை ஒட்டி ஓடும். அது முடிந்து வெளியே வந்ததும் மலை தெரியும். எனக்கு இன்றைக்கும் அலுக்காத காட்சி. எல்லாவற்றையும் விட, வண்டியில் கழிவறை இருக்கிறது. எழுபது வயதுக்காரரைப் பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். என் அம்மா பஸ் பயணம் என்றால் முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்.

அந்த அம்மாவுக்காக நான் இந்த ரயிலில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனது எத்தனை முறை என்று கேட்டால், ஒரு முறைகூட இல்லை.

காரணம் நேரம். தினமும் ஓடும் வண்டி ஒன்றே ஒன்று. காலையில் எட்டேகால், எட்டரை வாக்கில் மதுரையில் கிளம்புகிறது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று நின்று பத்தரை வாக்கில் போடி சேர்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் போடியில் கிளம்பி எட்டு மணிவாக்கில் மதுரை. அதாவது காலையில் தேனிக்கு வருகிறது, சாயங்காலம் தேனியை விட்டுப் போகிறது. தேனிக்காரனுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். ஆஸ்பத்திரி, கோர்ட், கல்லூரி, மொத்தக் கடை எல்லாவற்றுக்கும் நாங்கள் காலையில் மதுரைக்குப் போய் சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள். இரவு எட்டு மணிக்கு மதுரை ஜங்ஷனில் இறங்கி நான் எந்த டாக்டரைப் பார்ப்பது?

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் காட்ட வேண்டும். எட்டு மணிக்குள் டோக்கன் எடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை முடியாது. நாலு மணிக்கு எழுந்து, ஐந்து மணி பஸ். செக்கானூரணியில் கொஞ்சம், உசிலம்பட்டிக்குள் கொஞ்சம் என்று நின்று நின்று போனோம். சோதனை முடியும்போது மதியம் இரண்டு. கண்ணில் சொட்டு விட்டிருந்தார்கள். அந்தச் சொட்டு விட்டால் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், பக்கத்தில் இருப்பது மங்கும். ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் கொளுத்தும் வெயிலில், கறுப்புக் கண்ணாடியோடு அம்மா பஸ் படியைக் காலால் தேடினார். முதல் படி அவர் முழங்கால் உயரம். ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் என் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, “இருக்கா, படி இருக்கா” என்று கேட்டுக்கொண்டே ஏறினார். அவர் பிடித்த இடத்தில் நகம் பதிந்த தடம் ராத்திரி வரை இருந்தது. ஆண்டிபட்டி வரும்போது கேட்டார்: “ஏன்டா, நம்ம ஊரு ரயிலு காலையில நம்ம ஊர்ல இருந்து கிளம்பாதா?”

கிளம்பலாம். அந்த வண்டி பகல் பூராவும் போடியில் நிற்கிறது, ராத்திரி பூராவும் மதுரையில் நிற்கிறது. ராத்திரி நிற்கும் இடத்தைப் போடி என்று மாற்றினால் காலை ஆறு மணிக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போகலாம்.

ஆனால் இதைச் சொல்லும்போது காலை வண்டியில் வருகிறவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். மதுரையில் குடியிருந்து ஆண்டிபட்டியிலும் தேனியிலும் வேலை பார்க்கும் ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், அலுவலர்கள் நிறையப் பேர். மதுரை நடைமேடையில் சாப்பாட்டுப் பையோடு நிற்பார்கள். ஆண்டிபட்டியில் ஒரு கூட்டம் இறங்கும், தேனியில் பெட்டியே காலியாகிவிடும். இந்த நேரம் அவர்களுக்குக் கச்சிதம். அதைப் பிடுங்கச் சொல்ல எனக்கு மனசு வராது. வேண்டியது இரண்டாவது வண்டி. ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துப் போட்ட பாதையில் தினமும் ஒரு ஜோடி வண்டி மட்டும் ஓடுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? போடி ஏலக்காய் ஏலத்துக்கு வருகிறவர்களும் இலவம் பஞ்சு வியாபாரிகளும் இன்றைக்கும் ரோட்டை நம்பித்தான் இருக்கிறார்கள்.

சென்னை வண்டி வேறு கதை. வாரத்தில் மூன்று நாள்தான், திங்கள், புதன், வெள்ளி இரவு சென்னை சென்ட்ரலில் கிளம்புகிறது. போடியிலிருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவு எட்டரை. வெள்ளி இரவு ஏறி, சனி ஞாயிறு ஊரில் இருந்துவிட்டு, திங்கள் காலை சென்னையில் வேலைக்குப் போய்விடலாம். இதை யோசித்துப் போட்டவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். காட்பாடி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று வளைந்துதான் வருகிறது. திண்டுக்கல்லிலிருந்து தேனிக்கு ரோட்டில் 75 கிலோமீட்டர். ரயில் தெற்கே மதுரைக்கு இறங்கி மறுபடி மேற்கே திரும்புவதால் தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனாலும் படுத்துத் தூங்கிக்கொண்டு வரலாம் என்பதால் அது எனக்குக் குறையாகப் படவில்லை. போன பொங்கலுக்கு என் தங்கைக்கு இதில் இடம் கிடைக்கவில்லை. தனியார் பஸ்ஸுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டு வந்தாள். வாரம் ஏழு நாளும் ஓடினால் அந்தக் கொள்ளை பாதி அடங்கும்.

ரோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். திண்டுக்கல் – குமுளி ரோட்டில் ஊர்களைச் சுற்றிப் புறவழிச்சாலைகள் வந்த பிறகு கம்பம் பக்கம் போவது எவ்வளவோ பரவாயில்லை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் வரும்போது மட்டும் திணறும். அப்போது கம்பம்மெட்டு வழியாகத் திருப்பி விடுவார்கள். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்க்காரர்களுக்கு ரயிலே கிடையாது. அவர்கள் தேனிக்கோ போடிக்கோ வந்துதான் ஏற வேண்டும். அந்தப் பக்கமிருந்து காலை எட்டு மணி டோக்கனுக்கு மதுரை போகிறவர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள் என்று நினைத்தால் என் நாலு மணியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் மட்டும் சென்னைக்கும் தேனிக்கும் போய் வருகிறவராக இருந்தால் ரயில் போதும், தாராளமாக நம்பலாம். அப்பா அம்மாவைக் குடிவைப்பது பற்றிக் கேட்டால், இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, அவசரத்துக்குக் கை கொடுக்கும். ஆனால் அந்த வயதில் ஏதாவது ஒன்றுக்கு மாதா மாதம் மதுரை என்று ஆகிவிடும். அப்போது நீங்கள் நம்பி வந்த ரயில் எதிர்ப்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும்.

அவர்களை ஒரு தரம் கூட்டிக்கொண்டு வந்து ஊரைக் காட்டுங்கள், அதில் தப்பில்லை. வெள்ளி இரவு வண்டிக்கு 60 நாளைக்கு முன்னாலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள். மதுரையில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், காபி வாங்கிக்கொள்ளலாம். ஆண்டிபட்டி தாண்டியதும் அம்மாவை ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள். ஸ்டேஷனுக்கு நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

எங்களுக்கு அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. மறுபடியும் ஐந்து மணி பஸ்.