விண்டோஸ், லினக்ஸ், மேக்: ஒரே வீட்டில் பத்தாண்டுப் புழக்கம்

வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருந்தபோது, 2015 டிசம்பர் வெள்ளம் மேசைக்கு அடியில் இருந்த எங்கள் பழைய கணினியை மூழ்கடித்துவிட்டது. அடுத்த மாதமே ரிச்சி தெருவில் உதிரி பாகங்களாக வாங்கிச் சேர்த்த மேசைக் கணினி, 2021-இல் வாங்கிய, ஆப்பிளின் சிறிய மேசைக் கணினியான மேக் மினி, 2022-இல் துணைவியாரின் கணக்கு வேலைக்காக வந்த விண்டோஸ் 11 மடிக்கணினி என மூன்றும் இப்போது மாடி வீடொன்றில் அருகருகே இயங்குகின்றன. நான் தமிழ்ப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துபவன். நாளில் எட்டு மணி நேரமாவது திரைக்கு முன்னால் கழிகிறது. எந்த இயங்குதளம் சிறந்தது என்று வாதிடுவோர் பெரும்பாலும் வேகத்தையும் அழகையும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமானவை வேறு இரண்டு: காசு கொடுத்து வாங்கிய பெட்டி எத்தனை ஆண்டு உழைக்க விடப்படுகிறது என்பதும், அதில் தமிழ் எப்படி நடத்தப்படுகிறது என்பதும்.

மேசைக் கணினி இன்டெல் 6ஆம் தலைமுறை ஐ5 செயலியும் 8 ஜிபி ரேமும் கொண்டது. அப்போது விண்டோஸ் 10 வெளிவந்து ஆறு மாதமே ஆகியிருந்தது. விண்டோஸில் இதுவே கடைசிப் பதிப்பு, இனிப் புதுப்பித்தல்கள் மட்டுமே வரும் என்ற பேச்சு பரவலாக இருந்தது. நானும் அதை நம்பி, உரிமம் பெற்ற பிரதியைத்தான் போட வேண்டும் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னைச் சற்று வியப்புடன் பார்த்தார். 2018-இல் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகத்தைப் போட்டதும், இரண்டு நிமிடம் இழுத்துக்கொண்டிருந்த கணினி சில நொடிகளில் எழுந்து நின்றது. இன்றுவரை அதற்கு நான் செய்த செலவுகளில் இதுவே மிகப் பயனுள்ளது. மற்றபடி, உப்புக்காற்றில் ரேமின் பொன்னிறப் பற்கள் மங்கிக் கணினி பீப் ஒலி எழுப்பும்போதெல்லாம், அதைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பப் பொருத்துவேன். சென்னையில் கணினி வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்த வைத்தியம் தெரியும்.

சிக்கல் 2021-இல் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் செயலியாக இருந்தால் ஏறத்தாழ 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. டிபிஎம் வசதி என் கணினியின் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பில் முடக்கி வைக்கப்பட்டிருந்தது, தேடி இயக்கினேன். ஆயினும் செயலி பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் அனுமதி மறுக்கப்பட்டது. ரிச்சி தெருக் கடைக்காரரைக் கேட்டபோது, “சார், உங்க பெட்டிக்கு ஒரு நோயும் இல்ல, வயசுதான் ஆயிடுச்சுன்னு சொல்றாங்க” என்றார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் மேலும் ஓராண்டுக்கு நீட்டித்துக்கொள்ளும் வழி இருந்தது உண்மைதான். ஆனால், நன்றாக ஓடும் ஒரு பொருளுக்கு ஓராண்டுத் தவணை கேட்டு நிற்பது எனக்கு உவப்பாக இல்லை.

அதே வாரத்தில், இலவச இயங்குதளமான லினக்ஸின் வகைகளில் ஒன்றான மின்ட் 22 வரிசையை நிறுவினேன். லினக்ஸ் எங்கள் குடும்பத்துக்கு முற்றிலும் புதியதன்று. தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி அக்காள் மகனுக்குக் கிடைத்தபோது, அதில் விண்டோஸோடு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அவன் அதை ஒரு முறைகூடத் திறந்ததில்லை. இம்முறை நானே உட்கார்ந்து பழகினேன். பத்தாண்டு பழைய கணினி அதில் எவ்விதத் தயக்கமும் இன்றி ஓடுகிறது. உபுண்டு 24.04 என்னும் மற்றொரு லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட இவ்வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும் என்று முன்கூட்டியே அறிவித்திருக்கிறார்கள். விண்டோஸும் முடிவுத் தேதியை முன்னதாகவே சொல்லிவிடுகிறது. ஆப்பிள் மட்டும் அப்படி எந்தத் தேதியையும் வெளியிடுவதில்லை. ஆண்டுதோறும் புதிய பதிப்பு வரும்போது நம் கணினி பட்டியலில் இருக்கிறதா என்று தேர்வு முடிவு பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழுக்கு வருகிறேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் வழியே வந்த தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்பவன் நான். ஒரே மெய்யெழுத்து விசையை இரண்டு முறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அந்த வசதிக்குப் பழகிய விரல்களுக்கு வேறு முறை ஒவ்வாது. விண்டோஸில் நெடுங்காலம் என்எச்எம் ரைட்டர் என்னும் இலவச மென்பொருளைச் சார்ந்திருந்தேன். மேக்கில் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் இயங்குதளத்துடனேயே வருகின்றன. பெட்டியைப் பிரித்த ஐந்தாம் நிமிடத்தில் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டேன். லினக்ஸில் அரை நாள் போயிற்று. காரணம் என் அவசரம்தான். அங்கே தமிழ்99 என்ற பெயரில் இரண்டு வழிகள் உள்ளன. விசைப்பலகை அமைப்பில் நேரடியாகக் கிடைப்பதில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கே உண்டு. முன்னால் வந்த எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைக்கும் அறிவு அதற்குக் கிடையாது. ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையையும் அதற்குரிய எம்17என் தொகுப்பையும் நிறுவிய பிறகே உண்மையான தமிழ்99 கிடைக்கிறது. முதன்முறை லினக்ஸுக்கு வருபவர் முதல் வழியில் சிக்கி, லினக்ஸில் தமிழ் சரியில்லை என்று முடிவுகட்டிவிட்டால் அவரைக் குறைசொல்ல முடியாது.

எழுத்துருவிலும் இப்படி ஒரு பொறி உண்டு. லிப்ரே ஆஃபிஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் போன்ற சிக்கலான வரிவடிவங்களுக்கு மற்றொன்று எனத் தனித்தனியாக அமைக்க வேண்டும். இதை அறியாமல் ஆங்கிலத்துக்கான எழுத்துருவையே மாற்றிக்கொண்டிருந்தால் தமிழ் எழுத்து அசையாது. விண்டோஸில் லதா எழுத்துருவில் அமைத்த கோப்பை மின்டில் திறந்தால், லதா அங்கே இல்லாததால் வேறொன்று அதன் இடத்தில் உட்கார்ந்து, பக்க எண்ணிக்கையே மாறிவிடுகிறது. பொருளடக்கம் தயாரித்து முடித்த பின் இதைக் கண்டுபிடிப்பதைப்போல் எரிச்சல் தருவது வேறில்லை. இப்போது எல்லாக் கோப்புகளையும், மூன்று தளங்களிலும் நிறுவ முடிகிற நோட்டோ தமிழ் எழுத்துருவுக்கு மாற்றிவிட்டேன். ஆனால் ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறி சில ஆசிரியர்களின் கோப்புகளில் ஒரே குறியீடாகவும், சிலவற்றில் ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகவும் பதிவாகி வருகிறது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. சொல்லைத் தேடினால் மட்டும் சில மென்பொருள்களில் பாதி இடங்கள் தப்பிவிடும். அந்தப் பழியை எந்தத் தளத்தின்மேலும் போட எனக்கு மனமில்லை.

மேக் மினியை வாங்கச் சொன்னவர் என் மைத்துனர். எம்1 செயலி கொண்ட அடிப்படை மாதிரிக்கு அப்போது 64,900 ரூபாய் விலை. திரையும் விசைப்பலகையும் தனி. அது அதிகம் என்று அவரோடு ஒரு தீபாவளி முழுவதும் வாதிட்டேன். என் மனத்தை மாற்றியது மின்சாரம். புத்தகக் காட்சி ஜனவரியில் வருவதால் எங்கள் தொழிலில் நவம்பரும் டிசம்பரும்தான் உச்சக் காலம். புயலும் மழையும் மின்வெட்டும் வருவது அதே இரண்டு மாதங்களில். மேசைக் கணினி யுபிஎஸ்ஸில் கோப்பைச் சேமித்து அணைப்பதற்கான நேரம் மட்டுமே தாக்குப்பிடிக்கும். மேக் மினியோ சும்மா இருக்கையில் ஏறத்தாழ 7 வாட்டும் உச்ச வேலையில் 39 வாட்டும்தான் எடுக்கும் என்பது ஆப்பிளின் கணக்கு. அதைவிடத் திரைதான் அதிகம் குடிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று மின்சாரம் போன பின், அதே யுபிஎஸ்ஸில் ஓர் அத்தியாயத்தைத் திருத்தி முடித்து, கைப்பேசி இணைப்பு அறுந்துபோவதற்குள் அனுப்பிவிட்டேன். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் மேக்கில் ஓடும், லினக்ஸில் ஓடாது என்பதும் எனக்குப் பெரிய காரணம். குறையென்று சொன்னால், 8 ஜிபி ரேம் செயலியோடு ஒன்றாகப் பதிக்கப்பட்டிருப்பதால் பின்னாளில் ஒரு துண்டுகூடக் கூட்ட முடியாது. ரப்பரால் தேய்க்கவும் முடியாது. எத்தனை நாள் என்று தெரியாத இந்த உறவு பத்தாண்டு ஓடுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

விண்டோஸ் 11 மடிக்கணினியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது. வாடிக்கையாளர்கள் அனுப்புவதும் அதன் கோப்புகளைத்தான். டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி ஜிஎஸ்டி படிவம் அனுப்பும் நாளில் எதுவும் பிசகக் கூடாது என்பதால், துணைவியார் வேறு தளத்தைப் பரிசீலிக்கவே மறுக்கிறார். அவருடைய வேலைக்கு அது சரியான முடிவு என்றே நானும் கருதுகிறேன். அரைகுறையாக வேலை செய்துகொண்டிருக்கும்போது தானாகப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி தொடங்கும் வழக்கத்தை மட்டும் அவரும் திட்டுகிறார்.

மூன்றுக்கும் இடையே கோப்புகள் பென்டிரைவில்தான் பயணம் செய்கின்றன. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்ததை மேக் படிக்கும், எழுதாது. ஆகவே எல்லாவற்றையும், மூன்றும் படித்து எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி வைத்திருக்கிறேன். எங்கள் பழைய லேசர் அச்சுப்பொறிக்கு அதன் தயாரிப்பாளர் எம்1 மேக்குக்கான மென்பொருளை வெளியிடவில்லை. மின்டில் ஒரு வாரம் முயன்றும் வெற்றுத்தாள்தான் வந்தது. அதனால் மெய்ப்புப் படி எடுக்க வேண்டுமென்றால் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு துணைவியாரின் மேசைக்குத்தான் போகிறேன். மார்ச் மாதத்தில் மட்டும் எனக்கு அனுமதி கிடைப்பதில்லை.