மாஸ்ஃபெட் டயோடு: மூன்று வருடச் சில்லிப்பும் ஒரு வீண் பேட்டரியும்

பேட்டரியிலிருந்து கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஷாட்கி டயோடைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாஸ்ஃபெட் (கேட் என்ற முனையால் ஆன், ஆஃப் ஆகும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) போடலாமா என்று நண்பர் கேட்கிறார். கேட்ட நேரம் சரியில்லை. போன வாரம்தான் என்னுடையதைப் பிரித்து சால்டர் வைத்து முடித்தேன்.

மூன்று வருடமாக 12 வோல்ட் பேட்டரிக்கும் லோடுக்கும் நடுவில் ஓடுகிறது. லோடு 6 ஆம்பியர். முன்பு இருந்த ஷாட்கியில் 0.45 வோல்ட் விழும், 2.7 வாட் சும்மா சூடாகப் போகும். ஹீட் சிங்கில் விரல் வைத்தால் வெடுக்கென்று எடுக்க வேண்டும். அந்த இடத்துக்கு 4 மில்லி ஓம் மாஸ்ஃபெட்டும், கேட்டை இயக்க ஒரு குட்டி கண்ட்ரோலர் ஐசியும் வந்தன. விழுந்தது 24 மில்லிவோல்ட். 0.15 வாட் கூட இல்லை. ஹீட் சிங்க் இல்லாமலே சில்லென்று கிடந்தது. முதல் மாதம் முழுக்க, வேலை இருக்கிறதோ இல்லையோ, போய்த் தொட்டுப் பார்ப்பேன்.

சரி, இப்போது கோபத்துக்கு வருவோம். இந்தச் சர்க்யூட்டில் மாஸ்ஃபெட்டை வழக்கமான திசைக்குத் தலைகீழாகப் போடுகிறோம், உள்ளே இருக்கும் பாடி டயோடும் லோடு பக்கம் பார்த்திருக்கும். அதனால் கேட் செத்தாலும் லோடு நிற்காது. கரண்ட் பாடி டயோடு வழியாகப் போய்க்கொண்டே இருக்கும், 0.75 வோல்ட்டைத் தின்றுகொண்டு. 4.5 வாட்! கழற்றி எறிந்த ஷாட்கியே தேவலை.

எனக்கு நடந்தது அதுதான். லோடு பக்கத்து லோ வோல்டேஜ் கட்-ஆஃப் (வோல்டேஜ் இறங்கினால் லோடை நிறுத்துவது) சீக்கிரமே விழ ஆரம்பித்தது. பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்கினேன். அதுவும் அப்படியே. மாஸ்ஃபெட்டைக் கழற்றி மல்டிமீட்டரில் டயோடு டெஸ்ட் வைத்தால் ஒரு பக்கம் 0.5, மறுபக்கம் ஓப்பன். நல்லா இருக்கு என்று திரும்ப மாட்டினேன். மீட்டர் பார்த்ததே பாடி டயோடைத்தான் என்று உறைக்க ஒரு ராத்திரி ஆனது. அப்புறம் லோடு ஓடும்போதே, கரண்ட் போய்வரும் இரண்டு முனைகளான சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் நடுவில் அளந்தேன். 0.74. லென்ஸில் பார்த்தால் ஐசியின் கேட் பின்னைச் சுற்றி சால்டரில் மயிரிழை விரிசல். பக்கத்தில் போர்டு பழுப்பேறியிருந்தது.

ஐசியே வேண்டாம், பி-சேனல் வகை மாஸ்ஃபெட் ஒன்றைப் போட்டு கேட்டை கிரவுண்டில் கட்டினால் போதும் என்பவர்களும் உண்டு. அது பேட்டரியை மாற்றி மாட்டினால் காப்பாற்றும், அவ்வளவுதான். லோடு பக்கம் ஒரு அடாப்டரும் இருந்து, அதன் வோல்டேஜ் பேட்டரியைவிட ஏறினால் பேட்டரிக்குள் திரும்பப் பாயும் கரண்டைத் தடுக்காது. கேட் எப்போதும் ஆன்தானே.

மாஸ்ஃபெட்டின் மேல் பழி இல்லை, சால்டர் தப்பு. தெரியும். ஆனால் சொல்லாமல் சாகும் பொருளை எப்படிச் சிபாரிசு செய்வது? நண்பரின் லோடு 1 ஆம்பியர்தான், ஷாட்கியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

என்னுடையதில் அதே மாஸ்ஃபெட்தான் இருக்கிறது. சோர்ஸ், டிரெயின் இரண்டு முனையிலும் ஒயர் சால்டர் செய்து, மீட்டர் வைத்துப் பார்க்க வசதியாக வெளியே இழுத்து வைத்திருக்கிறேன். இன்று காலை 25 மில்லிவோல்ட். தொட்டும் பார்த்தேன்.