ஏழா, எட்டா? 1970 செவெலின் பின்சக்கரக் கணக்கு

255/60ஆர்15 டயரை ஏழங்குல ரிம்மில் மாட்டலாமா என்று யார் கேட்டாலும் ‘மாட்டலாம்’ என்றுதான் சொல்வேன். (255 என்பது மில்லிமீட்டரில் டயரின் பெயரளவு அகலம், 60 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம், ஆர் என்றால் ரேடியல், 15 ரிம்மின் விட்டம் அங்குலத்தில்.) டயர் நிறுவனங்களின் அட்டவணையிலேயே அந்த அளவுக்கு 7 முதல் 9 அங்குலம் வரை ரிம் போடலாம் என்று இருக்கிறது. ஏழு என்பது அந்த வரம்பின் அடிமட்டம். அடிமட்டத்தில் மாட்டி ஓட்டுவதற்கும், டயருக்குப் பொருந்திய ரிம்மில் மாட்டி ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இங்கே அலசப் போகிறேன். மிச்சிகனில் நான் வைத்திருக்கும் 1970 செவர்லே செவெல் காருக்கு முன்னால் 15x7 ரிம்மில் (விட்டம் 15, அகலம் 7 அங்குலம்) 235/60ஆர்15, பின்னால் 15x8 ரிம்மில் 255/60ஆர்15 என்று முடிவெடுத்து மாட்டியாயிற்று. ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

டெட்ராய்ட் பக்கத்து வுட்வர்ட் அவென்யூவில் ஆகஸ்ட் மாதம் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தின் சமயத்தில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். செவெல், ஜிடிஓ, கமாரோ என்று எது போனாலும் பாதிக்குப் பாதி ஒரே ஜோடிதான்: நான்கு சக்கரத்திலும் 15x7 ரிம், முன்னால் 235, பின்னால் 255. ஒரே அகல ரிம்மாக நான்கு வாங்குவது சுலபம், விலையும் குறைவு. வெள்ளை எழுத்து போட்ட பின்டயர் சக்கரக்கூட்டை நிறைத்துக்கொண்டு நிற்பது பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. நான் எதிர்வாதம் வைப்பது இந்த ஜோடியோடுதான். மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

கம்பெனி அன்று கொடுத்தது என்ன? எஸ்எஸ் என்ற வேகரகப் பேக்கேஜோடு வந்த 1970 செவெலுக்கு 14x7 ரிம், எஃப்70-14 டயர். 450 குதிரைத்திறன் கொண்ட எல்எஸ்6 எஞ்சினுக்கும் அதே டயர்தான் என்பதை நினைத்தால் அந்தக் காலத்து ஓட்டுநர்கள் மீது தனி மரியாதை வருகிறது. எஃப்70-14 என்பதில் எஃப் டயரின் சுமைத்திறனைக் காட்டும் எழுத்து. 70 என்பது அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. 14 ரிம்மின் விட்டம். அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று எங்குமே இருக்காது. அதனால்தான் இன்றைய அளவுக்கு மாற்றும்போது ஒருவர் 215/70ஆர்14 என்பார், இன்னொருவர் 225/70ஆர்14 என்பார். இருவரும் சரியே.

கண்காட்சிக்கு நிறுத்தும் கார் என்றால் 14 அங்குலத்திலேயே இருங்கள். பழைய பயஸ் கட்டுமானத்தோடு (உள்ளிழைகள் சாய்வாக ஓடும் வகை; நேர்குறுக்காக ஓடினால் ரேடியல்) எஃப்70-14 மறுபதிப்பு டயர்கள் டென்னசி மாநிலம் சட்டனூகாவில் இருக்கும் கோக்கர் டயர் போன்றவர்களிடம் கிடைக்கின்றன. ஆனால் பயஸ் டயர் சாலையில் லாரிகள் பதித்த தடத்தைப் பிடித்துக்கொண்டு அது போகிற பக்கம் போகும். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடியே இருக்க வேண்டும். 14x7 ரிம்மில் 225/70ஆர்14 ரேடியல் அதைவிட எவ்வளவோ மேல். அந்த ஜோடியில் அகலப் பொருத்தமும் ஒழுங்காகவே இருக்கிறது. குறை என்னவென்றால், 14 அங்குலத்தில் நல்ல ரேடியலுக்குத் தேர்வு மிகக் குறைவு.

17 அங்குலத்துக்குப் போனால் தேர்வு திறந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் 255/50ஆர்17 டயரின் விட்டமும் 255/60ஆர்15 டயரின் விட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான், 27 அங்குலம். ஆகவே கியர் கணக்கோ ஸ்பீடாமீட்டரோ மாறாது. ரப்பரின் தரமும் வேகக்குறியும் (டயர் எந்த வேகம் வரை தாங்கும் என்பதைக் காட்டும் எழுத்து) உயரும். பெரிய பிரேக் போட விரும்புகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. நண்பர் ஒருவரின் காரில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்ததோடு என் அனுபவம் நிற்கிறது. வளைவில் கெட்டியாக நின்றது, பள்ளத்தில் முதுகுக்குத் தெரிந்தது. 1970 காரின் உடம்பில் 17 அங்குலச் சக்கரத்தைப் பார்க்க என் கண் ஒப்பவில்லை என்பதுதான் உண்மையான காரணம். அதை விவாதமாக்க மாட்டேன்.

இனி முக்கியமான விஷயம். டயரின் பக்கத்தில் 255 என்று அச்சிட்டிருப்பது நிரந்தரமான அகலம் இல்லை. குறிப்பிட்ட ஓர் ‘அளவிடும் ரிம்’மில் மாட்டினால் மட்டுமே டயர் அந்த அகலம் இருக்கும். 255/60ஆர்15-க்கு அந்த ரிம் 7.5 அங்குலம், 235/60ஆர்15-க்கு 7 அங்குலம். ரிம் அரை அங்குலம் கூடினால் டயரின் அகலம் ஏறத்தாழ 0.2 அங்குலம் கூடும். குறைந்தால் அதே அளவு குறையும். டயர் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான் இது. ஆனால் இதைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்க வேண்டும்.

ஏழங்குல ரிம்மில் 235 டயரின் அகலம் 9.25 அங்குலம். ரிம் அகலத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால், ஒவ்வொரு பக்கமும் ரிம்முக்கு வெளியே டயர் 1.12 அங்குலம் பிதுங்கி நிற்கிறது. அதே ஏழங்குல ரிம்மில் 255 போட்டால் அகலம் 9.84, பிதுக்கம் ஒரு பக்கத்துக்கு 1.42. இப்போது 255 டயரை எட்டங்குல ரிம்முக்கு மாற்றுங்கள். அகலம் 10.24, பிதுக்கம் 1.12. முன்சக்கரத்து 235 ஏழங்குலத்தில் எப்படி நிற்கிறதோ, அப்படியே பின்சக்கரத்து 255 எட்டங்குலத்தில் நிற்கிறது. பக்கச்சுவர் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சாய்வு. என் முடிவுக்கு அடிப்படை இந்த ஒற்றைக் கணக்குதான்.

பிதுக்கம் மூன்றில் ஒரு பங்கு அங்குலம்கூடக் குறையவில்லையே, இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். குறுகிய ரிம் டயரின் இரண்டு விளிம்பையும் உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. பக்கச்சுவர் பலூன் மாதிரி வளைகிறது, தரையைத் தொடும் பரப்பு நடுவில் லேசாக மேடு தட்டுகிறது. வளைவில் திருப்பும்போது முன்சக்கரம் உடனே பதில் சொல்ல, பின்பக்கம் முதலில் பக்கச்சுவரை மடக்கிவிட்டு ஒரு கணம் தாமதித்துத்தான் பின்தொடரும். செவெலின் பின் ஆக்சிலை நான்கு ஆர்ம்கள் ரப்பர் புஷ்களோடு பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த ரப்பரே பக்கவாட்டில் கொஞ்சம் இடம் கொடுக்கும். அதற்கு மேல் டயரும் இடம் கொடுத்தால், நெடுஞ்சாலையில் லேன் மாறும்போது பின்பக்கம் இடுப்பை ஆட்டுகிற உணர்வு வரும். எட்டங்குலத்தில் அது அடங்கிவிட்டது. நேர்கோட்டில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, செவர்லேயே வந்து சேர்ந்த இடம்தான். அவர்களுடைய ஸ்போர்ட்ஸ் காரான 1968 கார்வெட்டுக்கு 15x7 ரிம்மில் எஃப்70-15 டயர். 1969-இல் டயர் அளவு அப்படியே இருக்க, ரிம்மை மட்டும் எட்டங்குலமாக்கினார்கள். பிறகு 1978 கார்வெட்டுக்கு விருப்பத் தேர்வாக 255/60ஆர்15 வந்தபோது அது உட்கார்ந்ததும் அதே எட்டங்குலத்தில்தான். பான்டியாக்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். 1978 டிரான்ஸ் ஆமின் டபிள்யூஎஸ்6 பேக்கேஜில் 15x8 ரிம்முக்கு 225/70ஆர்15 டயர். இன்றைய அட்டவணைகளில் பெரும்பாலானவை அந்த டயருக்கு 7.5 அங்குலத்தோடு நிறுத்திவிடுகின்றன. இன்று அதைப் பின்பற்றச் சொல்லமாட்டேன். ஆனால் காரை வளைவில் நிறுத்த வேண்டும் என்று நினைத்த பொறியாளர்கள் எந்தத் திசையில் சாய்ந்தார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது.

மறுபக்க சாட்சியும் உண்டு. பிளிமத் கம்பெனியின் 1970 ஏஏஆர் குடாவுக்கு முன்னால் இ60-15, பின்னால் ஜி60-15. நான்கு ரிம்மும் ஏழங்குலம். அமெரிக்கக் கார் கம்பெனியே முன்னும் பின்னும் வெவ்வேறு டயரை ஒரே அகல ரிம்மில் விற்றிருக்கிறது என்று வுட்வர்ட் கட்சிக்காரர்கள் இதைக் காட்டுவார்கள். ஜி60-15 இன்றைய 245/60ஆர்15-ஐ ஒட்டி வரும் அளவு. அதன் பக்கச்சுவரும் ரேடியலைப் போல நெளிவதில்லை. அந்தக் காருக்கு அது சரி. 255 ரேடியலுக்கு அதைச் சாட்சியாகக் கொண்டுவர முடியாது. உண்மையில், எட்டங்குல ரிம் வாங்க மனமில்லாதவர்கள் பின்னால் 245/60ஆர்15 போட்டுக்கொண்டால் ஏழங்குலமே போதும். அந்த டயரின் அளவிடும் ரிம்மே ஏழு.

நான்கிலும் 235 போட்டால் என்ன? கணக்குப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. விட்டம் 26.1 அங்குலம், பழைய எஃப்70-14-க்கு மிக அருகில், ஆகவே ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. நான்கு டயரையும் முன்னும் பின்னும் சுற்றி மாட்டலாம். மாதம் ஆயிரம் மைல் ஓட்டுகிறவராக இருந்தால் நானே இதைத்தான் சிபாரிசு செய்வேன். பின்னால் 255 போட்டதும் விட்டம் 27 அங்குலத்துக்குப் போய்விடுகிறது. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 62 மைல் வேகம். பின் ஆக்சிலின் கியர் விகிதம் 3.31 உள்ள காரில் 60 மைலில் எஞ்சின் சுற்று சுமார் 90 குறையும். எனக்கு அது லாபம். சிக்னலுக்குச் சிக்னல் சீறிப் பாய விரும்புகிறவருக்கு நஷ்டம்.

முன்னாலும் 255 போடுவதில் அர்த்தமில்லை. அந்தக் காலத்து ஜிஎம் முன் சஸ்பென்ஷனில் கார் சாயும்போது வெளிச்சக்கரமும் வெளிப்பக்கமாகச் சாயும். அகலக் கூடுதல் அப்படியே வீணாகும். அதற்குச் செலவழிப்பதை அலைன்மென்ட்டுக்குச் செலவழியுங்கள். தொழிற்சாலை காஸ்டர் அளவுகள் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு; மேல்நுனி பின்பக்கம் சாய்ந்தால் நேர்மறை) பயஸ் டயருக்காக எழுதப்பட்டவை. ரேடியலுக்கு நேர்மறைக் காஸ்டரை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டச் சொல்லுங்கள்.

பராமரிப்பு விஷயத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். இந்தக் கார்களின் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகிறது. பக்கச்சுவரில் டிஓடி (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பத்து வருடத்தைத் தாண்டிய டயரில் பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும் நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகக் கூடாது. ஆகவே முன்பின் சுற்ற முடியாது என்ற குறை, வருடத்தில் சில நூறு மைல் ஓடும் காருக்குப் பெரிய குறையே இல்லை. காற்றழுத்தம் சரியா என்று பார்க்க, டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டுக் காரைக் கொஞ்ச தூரம் நேராக உருட்டுங்கள். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், அல்லது ரிம் குறுகல். ஏழங்குலத்தில் 255 போட்டவர்கள் இந்த நடு அழிவைச் சரிசெய்யக் காற்றை இறக்குவார்கள். அதோடு பக்கச்சுவர் இன்னும் தொளதொளக்கும். எட்டங்குலத்தில் கோடு குறுக்கே முழுக்க ஒரே மாதிரி அழிந்தது.

கடைசியாக, ரிம் வாங்கும்போது டேப்பை எங்கே வைப்பது என்பது. ரிம் அகலம் என்பது டயர் விளிம்பு உட்காரும் உள்சுவர்களுக்கு இடைப்பட்ட தூரம். வெளி உதட்டிலிருந்து வெளி உதடு வரை அளந்தால் ஏழங்குல ரிம் எட்டு காட்டும். பழைய உதிரிபாகச் சந்தையில் ‘எட்டங்குலம்’ என்று விலை சொல்லும் ரிம்களில் பல இப்படிப்பட்டவைதான். அடுத்தது பேக்ஸ்பேசிங், அதாவது ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து பின் உதடு வரை உள்ள தூரம். கார்வெட்டின் 15x8 ரேலி ரிம்மில் இது 4 அங்குலம். அதில் 255 போட்டால் டயர் ஹப் முகத்திலிருந்து வெளிப்பக்கம் 5.6 அங்குலம் நீட்டும். நான் எடுத்தது 4.5 அங்குலம், உள்ளேயும் வெளியேயும் 5.1 என்று சமமாகப் பிரிகிறது. செவெலின் பின் ஃபெண்டர் உதட்டுக்கு அந்த அரை அங்குலம் முக்கியம். பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து குழியில் இறங்கினால் தெரியும். லீஃப் ஸ்பிரிங் வைத்த கமாரோவிலும் மஸ்டாங்கிலும் உள்பக்க இடத்தை ஸ்பிரிங்கே எடுத்துக்கொள்ளும், ஆகவே என் 4.5-ஐ அங்கே கொண்டுபோகாதீர்கள். சக்கரம் தரையில் நிற்க, காரின் எடை ஆக்சில் மேல் இருக்க, இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய உடம்பு இடதும் வலதும் ஒன்றாக இருக்காது.