அஸாஸின்ஸ் கிரீட் ஒடிசி: குறியைத் துரத்தாமல் ஆடினால் கிரேக்கம் கண்ணில் படும்

யூபிசாஃப்ட் 2018 அக்டோபரில் வெளியிட்ட இந்த கேம், ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே பெலோபொனீசியப் போர் மூண்ட கி.மு. 431-இல் தொடங்குகிறது. கசாண்ட்ரா, அலெக்ஸியோஸ் இருவரில் ஒருவரைக் கூலிப்படை வீரராகத் தேர்ந்தெடுத்து ஆட வேண்டும். நடிப்பில் கசாண்ட்ராவே ஒரு படி மேல்.

ஆரம்பத்தில் கேட்கும்போதே 'எக்ஸ்ப்ளோரேஷன்' முறையைத் தேர்ந்தெடுங்கள். 'கைடட்' முறை மேப்பில் குறி போட்டுவிடும். நீங்களும் ஊரைப் பார்க்காமல் குறியையே பார்த்துக்கொண்டு ஓடுவீர்கள். எக்ஸ்ப்ளோரேஷனில் இன்ன நாடு, இன்ன மலைக்குத் தெற்கே என்று துப்பு மட்டும்தான் வரும். அருகே போய் இக்காரோஸ் கழுகைப் பறக்கவிட்டுத் தேட வேண்டும். உயரமான இடங்களில் ஏறி 'சிங்க்' (சுற்றுப்புறத்தை நோட்டமிட்டுப் பதிவது) செய்யச் செய்யக் கழுகின் பார்வை கூர்மையாகும். அதனால் புதுப் பகுதிக்குள் நுழைந்ததும் முதல் வேலை அதுதான்.

பலன் கைமேல் கிடைக்கும். டெல்பியில் பர்னாசஸ் சரிவில் வளைந்து ஏறும் பாதை, ஏதென்ஸின் அக்ரோபோலிஸ், ஒலிம்பியா எல்லாம் நடந்து பார்க்க வேண்டியவை. கிரேக்கம் என்றால் வெள்ளைப் பளிங்கு என்று பழகிய கண்ணுக்கு வண்ணம் பூசிய சிலைகளும் கோயில்களும் ஆச்சரியம் தரும். அன்று அவை அப்படித்தான் இருந்தன. தூரங்களை மட்டும் வெகுவாகச் சுருக்கியிருக்கிறார்கள். வரலாற்றையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்: கி.மு. 429-இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸைக் கொண்டுபோனது கொள்ளைநோய். கேமில் அவர் முடிவு வேறு.

புராணப் பிராணிகள் நான்கும் நான்கு மூலையில் இருக்கின்றன: கித்தேராவில் ஒற்றைக்கண் அரக்கன் சைக்ளோப்ஸ், போயோட்டியாவில் பெண் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்க்ஸ், கிரீட்டில் எருதுத்தலை மினோட்டார், லெஸ்போஸில் பாம்புக் கூந்தல் மெடூசா. ஸ்பிங்க்ஸோடு சண்டையே இல்லை, விடுகதைதான். ஒரு பதில் தப்பினாலும் உயிர் போய்விடும். பேச்சைத் தொடங்குமுன் சேவ் செய்துகொள்ளுங்கள். மெடூசாவின் பார்வைக் கதிர் வரும்போது தூணுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும். வில்லை மேம்படுத்தாமல் போனால் அந்தச் சண்டை இழுத்துக்கொண்டே போகும்.

பெரிய குறை லெவல் கட்டாயம். மூன்று நான்கு லெவல் கூடிய எதிரியை எத்தனை வெட்டு வெட்டினாலும் சாக மாட்டான். முதன்மைக் கதையும் அங்கேயே நின்றுவிடும். அதற்காக அறிவிப்புப் பலகை ஒப்பந்தங்களை அள்ளாதீர்கள், அவை முடிவில்லாமல் முளைப்பவை. மனிதர்கள் நேரில் கேட்கும் பக்கக் கதைகளை முடித்தாலே போதும். (அனுபவப் புள்ளியை ஏற்றும் பூஸ்டைத் தனிக்காசுக்கு விற்கிறார்கள். முழு விலை வாங்கிய கேமில் இது அழகல்ல.) ஆயுதத்தை லெவலுக்கு லெவல் மேம்படுத்த இரும்பையும் தோலையும் செலவழிக்க வேண்டாம். பிடித்த ஒன்றிரண்டை மட்டும் மேம்படுத்துங்கள், மற்றதைப் பிரித்துப் பொருளாக்குங்கள். தலைக்கு விலை ஏறிக் கூலிப்படையினர் துரத்தினால் மேப் திரையிலேயே டிராக்மா (கேமின் காசு) கட்டி இறக்கிவிடலாம்.

கணினியில் திணறினால் முதலில் 'வால்யூமெட்ரிக் கிளவுட்ஸ்' செட்டிங்கைக் குறையுங்கள். அதிகம் விழுங்குவது மேகம்தான்.

சண்டை வேண்டாதவர்களுக்கு 2019 செப்டம்பரில் வந்த 'டிஸ்கவரி டூர்' என்ற சுற்றிப்பார்க்கும் முறை இருக்கிறது. கேம் வைத்திருப்பவர்களுக்கு இலவசம். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பெரிக்ளீஸின் துணைவி அஸ்பாசியா போன்றோர் வழிகாட்டிகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் விளக்கம், சுற்றின் முடிவில் கேள்விகள். டெல்பிக்குக் கதை உங்களை அழைத்துப் போகுமுன் அந்தச் சுற்றைப் பார்த்துவிட்டால், அங்கே எந்தக் கட்டடம் எதற்கு என்று கேட்க ஆள் தேட வேண்டியதில்லை. தமிழ் வசனவரி கிடையாது. ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும்.