ஏப்ரல் வரை அருமையான மேட்ப்ளாட்லிப்

திரை இல்லாத சர்வரில் சார்ட் படம் தயாரிக்க, பைதான் மொழியில் வரைபடம் வரையும் நூலகமான மேட்ப்ளாட்லிப் போதுமா என்று இங்கே மொரீஷியஸில் க்யூர்பிப் ஊரில் இருக்கும் நண்பர் கேட்டிருந்தார். போதும், ஏப்ரல் மாதம் வரை தாராளமாகப் போதும் என்று பதில் போட்டேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை, உண்மையைத்தான் சொன்னேன்.

வாக்வாவில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு மழைமானி இருக்கிறது. அதன் கணக்கு, வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன டெபியன் 12 லினக்ஸ் சர்வருக்குப் போகும். விடியற்காலையில் க்ரான் என்ற நேரம் பார்த்து வேலையைத் தொடங்கும் நிரல் ஸ்கிரிப்டை ஓட்டும், மேட்ப்ளாட்லிப் ஒரு பிஎன்ஜி படம் வரையும், அது எங்கள் தமிழ் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். சில வருடங்களாக இந்த ஏற்பாடுதான்.

முதலில் பாராட்டு. திரை இல்லை என்ற ஒன்றுக்காக இது ஒருநாளும் படுத்ததில்லை. இணையத்தில் தேடினால் எக்ஸ்விஎஃப்பி போட்டுப் பொய்த்திரை ஒன்றைக் கிளப்பச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் வரும். அதெல்லாம் வேண்டாம். 2018இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து, லினக்ஸில் டிஸ்ப்ளே இல்லையென்றால் மேட்ப்ளாட்லிப் தானாகவே அக் என்ற பேக்எண்டுக்கு, அதாவது படத்தை வரைந்து தரும் உள்நிரலுக்கு, போய்விடும். அக் என்பது ஆன்டி கிரெய்ன் ஜியாமெட்ரி என்ற சி++ நூலகம். படத்தை நினைவகத்திலேயே புள்ளி புள்ளியாக வரைந்து முடித்துவிடும், ஜன்னல் திறக்கும் பேச்சே கிடையாது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நம் கணினியின் திரையைச் சர்வருக்கு இரவல் கொடுக்கும் எக்ஸ் ஃபார்வர்டிங்கோடு எஸ்எஸ்எச் வழியாகச் சர்வரில் நுழைந்து ஓட்டினால் படம் வரும், அதையே க்ரான் ஓட்டினால் டிஸ்ப்ளே இல்லை என்று விழும். பகலில் ஓடும், விடியலில் ஓடாது. இப்போதும் யாராவது ஸ்கிரிப்டில் ஜன்னல் திறக்கும் பேக்எண்டான டிகேஅக் என்று பிடிவாதமாக எழுதி வைத்திருந்தால் அதே கதைதான். அந்த வரியை எடுத்துவிட்டு அக் என்று போட்டால் சரி.

சில்லறைத் தொல்லைகள் இரண்டு உண்டு. ஸ்கிரிப்டை ஓட்டும் பயனருக்கு எழுதக்கூடிய வீட்டு அடைவு இல்லையென்றால், ஒவ்வொரு முறையும் எழுத்துருப் பட்டியலை முதலிலிருந்து தயாரித்துக்கொண்டு உட்காரும். எம்பிஎல்கான்ஃபிக்டிர் என்ற சூழல் மாறியில் ஓர் அடைவைக் காட்டினால் அடங்கும். அப்புறம், ஒரே ஓட்டத்தில் நிறையப் படம் வரைபவர்கள் ஒவ்வொன்றையும் வரைந்ததும் மூடவேண்டும். மூடாமல் விட்டால் இருபதைத் தாண்டியதும் எச்சரிக்கும், நினைவகமும் ஏறிக்கொண்டே போகும்.

இனி என் வயிற்றெரிச்சல்.

படத்தின் தலைப்பு ‘மழை’. முதலில் வந்தது வெறும் கட்டம் கட்டமாக. லாகில் ‘க்ளிஃப் 2990 இல்லை’ என்று ஒரு வரி. க்ளிஃப் என்றால் எழுத்தின் வடிவம். யூனிகோடில் 2990 என்றால் ம. கூடவே வரும் டெஜாவு எழுத்துருவில் தமிழே கிடையாது. சரி என்று நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவி, கேஷில் கிடந்த பழைய எழுத்துருப் பட்டியலை அழித்து, மறுபடி ஓட்டினால் எழுத்து வந்தது. ஆனால் ம, அடுத்து ழ, அதற்கும் பின்னால் ஐகாரக் கொம்பு. ழகரத்துக்கு முன்னால் நிற்கவேண்டியது வாலாகத் தொங்கியது.

காரணம் இதுதான்: நான் ஓட்டும் பதிப்பில் அக் எழுத்துகளை யூனிகோடு வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. கொம்பை முன்னால் இழுப்பதும், கொகர வரிசையில் இருபக்கமும் பிரித்துப் போடுவதும் ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துக்கோப்பு நிரலின் வேலை. அது இங்கே இல்லை. அதனால் மாதப் பெயர்களில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கோளாறு இல்லை. மே வந்ததும் இரட்டைக்கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஜூலை, செப்டம்பர், அக்டோபர் எல்லாம் அதே கதி.

எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998இல் வந்த நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று எழுந்த எதிர்ப்பில், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று வேறு அச்சடித்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் தமிழ் வகுப்புக் குழுவுக்கே கொம்பு இடம் மாறிய படம் போனால் சும்மா இருப்பார்களா? “தம்பி, பிள்ளைகளுக்கு நாங்கள் ஒன்று சொல்லித்தருகிறோம், உங்கள் மெஷின் ஒன்று சொல்லித்தருகிறதே” என்று டீச்சர் அக்கா எழுதினார். சிரிப்புப் பொம்மைகூடப் போடவில்லை.

இப்போது சுற்றுவழியில் ஓட்டுகிறேன். புள்ளிகளால் ஆன பிஎன்ஜிக்குப் பதில், படத்தை வரைவதற்கான குறிப்புகளாகவே வைக்கும் எஸ்விஜியாக எழுதச் சொல்லி, எஸ்விஜி ஃபான்ட்டைப் என்ற அமைப்பை ‘நன்’ ஆக்கினால், எழுத்துகள் கோடுகளாக மாறாமல் எழுத்தாகவே கோப்பில் இருக்கும். பிறகு ஆர்எஸ்விஜி கன்வர்ட் என்ற நிரல் அதைப் பிஎன்ஜி ஆக்கும். அது எழுத்துக்கோப்பு தெரிந்த பாங்கோ என்ற நூலகம் வழியாக எழுதுவதால் கொம்பெல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிடும். ஆனால் சொல்லின் அகலத்தை முன்கூட்டியே அளந்தது மேட்ப்ளாட்லிப்தானே? அதன் கணக்கு வேறு, வரும் சொல்லின் அகலம் வேறு. விளக்கப் பெட்டியில் ‘பெய்த அளவு’ முடிந்த பிறகும் வலப்பக்கம் காரணமில்லாமல் கொஞ்சம் வெற்றிடம். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்குத் தினமும் தெரிகிறது.

எம்பிஎல்கெய்ரோ என்ற மாற்று பேக்எண்ட் தமிழை ஒழுங்காக எழுதும். அதையும் சேர்த்துப் பராமரிக்க எனக்குத்தான் பொறுமை இல்லை.

நண்பருக்கு என் பரிந்துரை க்னுப்ளாட் என்ற வரைபட நிரல். திரைக்கான எக்ஸ் இல்லாத நாக்ஸ் பொதியை நிறுவி, டெர்மினல் என்று அது சொல்லும் வெளியீட்டு வகையை பிஎன்ஜிகெய்ரோ என்று வைத்தால், தமிழ் முதல் முறையிலேயே சரியாக வரும். 1986இல் பிறந்த நிரல் செய்கிறது, இது செய்யவில்லை. மேட்ப்ளாட்லிப்புக்கு ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன், அதுவும் இரக்கப்பட்டு. நான் மாறப்போகிறேனா என்று கேட்டால், இல்லை. பைதானின் தரவு அட்டவணை நூலகமான பாண்டாஸில் இருக்கும் மழைக்கணக்கு ஒரே வரியில் சார்ட்டாகிவிடுகிறது. அந்தச் சுகத்தை விட்டுவிட்டு க்னுப்ளாட்டின் கட்டளை மொழியை இனிமேல் யார் உட்கார்ந்து படிப்பது?