விர்ச்சுவல்பாக்ஸில் ஃபோல்டர் ஷேர் செய்ய 4,800 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், உஷார்!

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டிலேயே கம்ப்யூட்டர் சரிசெய்ய ஆள் பிடித்துத் தரும் ஒரு தளத்தில் 4,800 ரூபாயைத் தொலைத்திருக்கிறேன். பெயரைப் போட்டால் பதிவையே தூக்க வைத்துவிடுவார்கள், அதனால் போடவில்லை. இப்படி மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் சின்னக் கடை. கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ். கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளுக்காக மட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸ் (ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷினாக இன்னொன்றை ஓட்டும் மென்பொருள் அது). நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உபுண்டுவில் இருக்கும் டிசைன் ஃபோல்டர் விண்டோஸுக்குள்ளும் தெரிய வேண்டும்.

ரிமோட்டில் வந்த ஆள் ஸ்கிரீனைப் பார்த்ததுமே, "அண்ணா, ஃப்ரீ வெர்ஷன்ல ஷேரிங் வராது, லைசென்ஸ் எடுக்கணும்" என்றார். லைசென்ஸ் 3,600, வேலைக்கு 1,200. யோசித்தேன். அப்போது அவர் பேசிய விதம் இருக்கிறதே, அவ்வளவு நிதானம், அவ்வளவு மரியாதை, பக்கத்தில் நல்ல ரேட்டிங் வேறு. "பயப்படாதீங்கண்ணா, விண்டோஸ்ல தெரியறது எல்லாம் காப்பிதான், ஸ்நாப்ஷாட்டும் எடுத்து வச்சிருக்கேன், எதை அழிச்சாலும் ஒரே கிளிக்ல பழையபடி வந்துடும்." உடனே ஜிபேயில் 4,800 போட்டுவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து இடம் பத்தவில்லை என்று கடையில் வேலை பார்க்கும் தம்பி, ஷேர் செய்த ஃபோல்டர் விண்டோஸில் தெரியும் இசட் டிரைவில் இருந்த பழைய டிசைன்களை அழித்தான். காப்பிதானே! உபுண்டுவில் போய்ப் பார்த்தால் அங்கேயும் காலி. விண்டோஸுக்கு அது நெட்வொர்க் டிரைவ் என்பதால் ரீசைக்கிள் பின்னிலும் எதுவும் இல்லை. ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பினேன், விண்டோஸ் மட்டும் பழைய கோலத்துக்கு வந்தது, ஃபோல்டர் வரவில்லை. எப்படி வரும்? ஸ்நாப்ஷாட் எடுப்பது விர்ச்சுவல் மெஷினையும் அதன் டிஸ்க்கையும் மட்டும்தான். ஷேர்டு ஃபோல்டர் என்பது அதே அறைக்கு இன்னொரு வாசல் வைத்த மாதிரி, அங்கே காப்பி என்று ஒன்று கிடையவே கிடையாது. ரெக்கவரி மென்பொருள் ஓட்டியதில் பெயரே இல்லாத துண்டுக் கோப்புகள் கொஞ்சம் வந்தன, அவ்வளவுதான்.

அந்த ஆள் போனை எடுக்கவில்லை. தளத்தின் சாட்டில் கேட்டால், "டேட்டா எங்கள் வாரண்டியில் வராது." லைசென்ஸ் கீ எங்கே என்றால், "டெக்னீஷியன் எங்கள் ஊழியர் இல்லை, பார்ட்னர்." மறுபடி கேட்டால் டிக்கெட்டையே மூடிவிட்டு, 'வாடிக்கையாளர் திருப்தி' என்று மெயில் அனுப்புகிறார்கள். திருப்தியாம்!

இதையெல்லாம்விட எரிச்சல், அந்த லைசென்ஸே பொய். ஷேர்டு ஃபோல்டருக்கும், இரண்டுக்கும் நடுவே காப்பி-பேஸ்ட் செய்யும் கிளிப்போர்டுக்கும் வேண்டியது கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருள் மட்டும்தான், அது விர்ச்சுவல்பாக்ஸோடு சும்மா வருகிறது. டிவைசஸ் மெனுவில் அதன் சிடி இமேஜைச் செருகு என்று ஒரு வரி இருக்கும், அதைச் சொடுக்கி விண்டோஸுக்குள் இன்ஸ்டால் செய்து, செட்டிங்ஸில் ஃபோல்டரைச் சேர்த்தால் முடிந்தது. எக்ஸ்டென்ஷன் பேக் என்று தனியாக ஒரு கூடுதல் தொகுப்பு இருக்கிறது, அது வேறு, இதற்குத் தேவையே இல்லை. இதற்கா 4,800 ரூபாய்? செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் டிசைன் ஃபோல்டரை அல்ல, என் ஹோம் ஃபோல்டர் மொத்தத்தையும் எழுதும் அனுமதியோடு திறந்து வைத்திருக்கிறார். விண்டோஸில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் ஒன்று ஏறியிருந்தால் உபுண்டுவில் இருக்கும் பேங்க் காகிதம் வரை பூட்டியிருக்கும்.

சரி, சொல்கிறேன் என்றேனே. ஷேர் செய்வதற்கென்றே தனியாக ஒரு ஃபோல்டர் வையுங்கள், பார்க்க மட்டும் என்றால் ரீட்-ஒன்லியை டிக் செய்யுங்கள். கிளிப்போர்டை இரு பக்கமும் திறந்து விடாதீர்கள், நீங்கள் காப்பி செய்யும் பாஸ்வேர்டு உள்ளேயும் போகும். ஸ்நாப்ஷாட்டை பேக்கப் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். கீ கைக்கு வராமல் லைசென்ஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் போட்டிருக்கிறேன், 4,800 ரூபாய் இன்னும் வரவில்லை. டிசைன் எங்கே என்று பெண் வீட்டுக்காரர் கடைக்கே வந்துவிட்டார், மீதி அப்புறம்.