கறுப்பு நாயா, வெளிர் நிற நாயா?

விலங்குக் காப்பகத்தில், தத்தெடுக்க ஆள் வருமா என்று அடுத்தடுத்த கூண்டில் காத்திருக்கும் இரண்டு நாய்கள்: ஒன்று கறுப்பு, மற்றது வெளிர் பழுப்பு. பழுப்புக்குப் புகைப்படத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். கண், மூக்கு, புருவச் சுளிப்பு எல்லாம் தெளிவாக விழும். கறுப்பு நாயின் கண்ணோ ரோமத்தோடு கலந்துவிடும். மங்கலான கூண்டுக்குள் எடுத்தால் ஒரு கரிய உருவமும் நீட்டிய நாக்கும்தான் மிச்சம். வெளியே நிழலில் நிறுத்தி, அதன் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுத்துப் பாருங்கள், வேறு நாய் மாதிரி இருக்கும்.

ஆனால் 'கறுப்பு நாயை யாரும் தத்தெடுக்க மாட்டார்கள்' என்ற பேச்சை நான் முழுசாக நம்புவதில்லை. ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் நிறத்தால் பெரிய வித்தியாசமே வரவில்லை. வயதுதான் அதிகம் பேசுகிறது. கறுப்புக் குட்டி, வெளிர் நிற வயதான நாயைச் சுலபமாக முந்திவிடும்.

அப்புறம், நேரில் கதையே மாறும். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வந்தவர் பக்கத்தில் படுத்துக்கொண்ட நாய்களுக்கு வீடு கிடைக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. விளையாடக் கூப்பிட்டும் கண்டுகொள்ளாதவற்றுக்குக் குறைந்திருந்தது. பழுப்பு அழகன் பந்தை விட்டுவிட்டுச் சுவரை மோந்துகொண்டிருக்க, கறுப்பன் காலடியில் வந்து படுத்தால், நான் கறுப்பனுக்குத்தான் கயிறு மாட்டுவேன்.